தப்பு சத்தத்திலிருந்து வாட்சப் வரை

கோயில் குழுவுல சேதி போட்டும் பாதிப் பேருக்குத் தெரியலைங்கிற பேச்சு மறுபடி வந்திருக்கு. அதனால பழைய கதை கொஞ்சம்.

1929-இல் ஜே.ஏ.ரஸ்ஸல் துரை இந்த மலையில் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அந்தக் காலத்துத் தோட்டங்களில் லயத்து ஆளுங்களுக்குக் கடிகாரம் ஏது? விடியுமுன் தப்பு அடிப்பாங்க, இல்லேன்னா தொங்கவிட்ட இரும்பைத் தட்டுவாங்க. எல்லாரும் பெரட்டுக்குப் போய் நிக்கணும். பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மலை, என்ன வேலைன்னு பிரிச்சு விடுவாங்க. கம்பெனி தன் வேலைக்காக வச்ச கூட்டம்தான் அது. ஆனா யார் வீட்டுல சாவு, என்னிக்குக் காப்புக் கட்டு, எல்லாமே அங்கேதான் கைமாறும். வராதவன் யாருன்னும் உடனே தெரிஞ்சிடும். இன்றைய நீல டிக்கை விட அது உறுதி.

தப்பிலும் சாவுக்கு ஒரு அடி, திருவிழாவுக்கு ஒரு அடி. வார்த்தையே வேண்டாம். ஒன்று சொல்லணும்: அடிச்சவங்களைத் தள்ளி வச்ச சனமே அவங்க சத்தத்தை நம்பித்தான் எழுந்துச்சு.

பத்திரிகை வேற வகை. 1924-இல் கோலாலம்பூரில் தொடங்கிய தமிழ் நேசன் 2019 ஜனவரி 31-ஓடு நின்னு போச்சு. நாட்டு நடப்பு தெரிஞ்சுக்க அது உதவியது. நாளைக்கு நடக்கிற எடுப்புக்கு உதவாது. ரேடியோவுக்கும் நம்ம லயத்து விலாசம் தெரியாது.

2013 அக்டோபர் 23 யாருக்கும் மறக்காது. அடைமழையில் ரிங்லெட் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நடுராத்திரி தாண்டி தண்ணீர் திறந்துவிட, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்கள் போச்சு. சைரன் கேட்டுச்சா இல்லையான்னு அப்புறம் ஒரே வாக்குவாதம். சத்தம் மட்டும் போதாது. அது எதுக்குன்னு முன்கூட்டியே சனங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

இப்போ வாட்சப். ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். ஆனா காலை வணக்கப் பூப்படங்களுக்குக் கீழே சாவுச் சேதி புதைஞ்சு போகுது. பள்ளத்துல லைனும் கிடைக்காது.

என் யோசனை இதுதான். அறிவிப்புக் குழுவில் பொறுப்பாளர்கள் மட்டும் எழுதட்டும். அரட்டைக்கு வேற குழு. சாவு, மண்சரிவு, பூசை நேர மாற்றம்னா கோயில் ஒலிபெருக்கியும் சேரணும். லயத்துக்கு ஒரு ஆள் கதவைத் தட்டிச் சொல்லணும். வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சதும் ஆள் பிரிப்போம். உங்க லயத்துல போன் இல்லாத பெரியவங்க பேரை எழுதிக்கிட்டு வாங்க.