வெல்டர் கையும் பார்க்கின்சன் பயமும்

வெல்டிங் தொழில் இருக்கும் இடமெல்லாம் இரண்டு பேச்சு இருக்கும். ஒன்று, புகை உள்ளே போனால் வெல்லம் கடி, வாழைப்பழம் தின்னு, எல்லாம் சரியாகிவிடும் என்பது. மற்றது, வருஷக்கணக்கில் டார்ச் பிடித்தவனுக்குக் கடைசியில் பார்க்கின்சன்தான் என்பது. முதலாவது வீண் நிம்மதி. இரண்டாவது, இடம் மாறிப்போன பயம். அந்தப் பயத்துக்குக் கிட்டத்தட்ட இருநூறு வருஷக் கதை உண்டு.

ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் வெல்டிங் மொத்தமாக வந்து இறங்கியது 1990களில்தான். 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் அடிக்கல் நாட்டியது; 1998-இல் சான்ட்ரோ வெளிவந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2013-இல் ராயல் என்ஃபீல்டு. பெரிய ஆலைகளில் காரின் உடலை ஒட்டவைப்பது பெரும்பாலும் ரோபோக்கள். பிராக்கெட், பிரேம், சைலன்சர் என்று சில்லறை வேலை எடுத்துச் செய்யும் சிறிய யூனிட்டுகளில்தான் முகக்கவசத்தைத் தூக்கியும் இறக்கியும் மனிதக் கை சீ-ஓ-டூ வெல்டிங் அடிக்கிறது.

வெல்டிங் துப்பாக்கியின் வாயிலிருந்து வரும் செம்புப் பூச்சுள்ள கம்பியில் ஒன்றரை சதவீதம் போல மாங்கனீசு உண்டு. ஒட்டு வெடிக்காமல் இருக்க அது வேண்டும். ஆனால் இரும்பு கொதிக்கச் சுமார் 2,860 டிகிரி செல்சியஸ் தேவை. மாங்கனீசுக்கு 2,060 போதும். முந்திக்கொண்டு ஆவியாவது அதுதான். ஆகவே கம்பியில் கொஞ்சமாக இருப்பது, புகையில் அந்த விகிதத்தைவிட அதிகமாகக் கலந்திருக்கும். சாப்பாட்டில் வரும் மாங்கனீசைக் குடல் கொஞ்சமாகவே உறிஞ்சும், மிச்சத்தைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியே தள்ளிவிடும். நுரையீரல் வழியாகப் போவது நேராக ரத்தத்தில் சேர்கிறது. வெல்லமும் வாழைப்பழமும் வயிற்றுக்குள் போகிறவை. நுரையீரல் பாதையில் அவற்றுக்கு வேலையே இல்லை.

மாங்கனீசு நஞ்சாவதை முதலில் கவனித்தவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் கூப்பர். கிளாஸ்கோவில் சலவைத்தூள் தயாரிக்கும் ஆலையில் மாங்கனீசுத் தாது அரைத்த சில தொழிலாளர்களைப் பற்றி 1837-இல் எழுதினார். கால் வலுவிழந்து, நடக்கும்போது முன்பக்கம் சாய்ந்து தள்ளாடினார்கள், எச்சில் வழிந்தது. ஆனால் பாதரச வேலைக்காரர்களுக்கு வரும் நடுக்கம் இவர்களுக்கு இல்லை என்றும் குறித்துவைத்தார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

அதற்கு 20 வருஷம் முன்பு, 1817-இல், லண்டன் ஹாக்ஸ்டனில் வைத்தியம் பார்த்த ஜேம்ஸ் பார்க்கின்சன் நடுக்குவாதம் பற்றிய தன் சிறுநூலை வெளியிட்டிருந்தார். ஆறே நோயாளிகள், அதிலும் சிலர் தெருவில் கண்ணில் பட்டவர்கள், ஒருவர் தூரத்திலிருந்து பார்க்கப்பட்டவர். இவ்வளவு சின்னக் கையிருப்பை வைத்துக்கொண்டு அவர் கண்டது அபாரம். ஆனால் அறிவும் புலன்களும் கெடுவதில்லை என்று அவர் எழுதியது நிற்கவில்லை. மோப்பம் குறைவது, மலச்சிக்கல், தூக்கத்தில் கைகால் உதறுவது எல்லாம் நடுக்கத்துக்குப் பல வருஷம் முன்பே தலைகாட்டலாம். மனச்சோர்வும், பிற்பாடு மறதியும் இந்த நோயில் சேர்ந்தவையே.

நடுக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் இரண்டு பக்கமும் தப்பு நடக்கும். பாரிஸ் மருத்துவர் ஷார்கோ பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, நடுக்கம் இல்லாமலும் இந்த நோய் வரும் என்று சொல்லிவிட்டார். நால்வரில் ஒருவருக்காவது அப்படித்தான் தொடங்குகிறது: தோள் இறுகும், எழுத்து சிறுத்துக்கொண்டே போகும், நடையில் ஒரு கை வீசாது. மறுபக்கம், டீ கிளாசைத் தூக்கினால் கை ஆடுகிறது, மடியில் வைத்தால் நின்றுவிடுகிறது என்றால் அது பெரும்பாலும் வேறொரு நடுக்கம். பார்க்கின்சன் நடுக்கம் பொதுவாகக் கை ஓய்ந்திருக்கும்போதுதான் ஆடும்.

மாங்கனீசு நஞ்சேறியவர் குதிகால் ஊன்றாமல், சேவல் போல முன்பாதத்தில் நடப்பார். பார்க்கின்சனில் அழிவது டோபமின் சுரக்கும் நரம்பணுக்கள். மாங்கனீசு நஞ்சில் அடி விழுவது முக்கியமாக குளோபஸ் பாலிடஸ் என்ற வேறு பகுதியில். அதனால்தான் பார்க்கின்சனுக்குக் கேட்கும் லெவோடோபா மாத்திரை மாங்கனீசு நஞ்சுக்குச் சரியாகக் கேட்பதில்லை.

அந்த மருந்தின் கதையில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. 1937-இல் மெட்ராஸ் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரனும் ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார்கள். அப்போது அது பார்க்கின்சனுக்கு உதவும் என்று உலகில் எவருக்கும் தெரியாது. 1961-இல் வியன்னாவில்தான் நோயாளிக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். இதைப் பிடித்துக்கொண்டு பூனைக்காலிப் பொடியே போதும் என்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். விதைக்கு விதை மருந்தின் அளவு மாறும். கார்பிடோபா போன்ற துணை மருந்து இல்லாவிட்டால் பெரும்பகுதி மூளைக்குப் போகும் முன்பே மாறிப்போய்க் குமட்டலைத்தான் தரும்.

வெல்டருக்குப் பார்க்கின்சன் வருமா என்ற சண்டை நீதிமன்றம் வரை போனது. 2001-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு, வெல்டர்களுக்கு அது சீக்கிரமே தொடங்குவதாகச் சொன்னது. வழக்குகள் குவிந்தன, 2003-இல் இல்லினாய்ஸில் ஒரு ஜூரி ஒரு மில்லியன் டாலர் கொடுக்கச் சொன்னது. ஆனால் 2005, 2006-இல் டென்மார்க்கிலும் சுவீடனிலும் ஆயிரக்கணக்கான வெல்டர்களின் பதிவேடுகளைத் துருவியபோது, மற்றவர்களைவிட அவர்களுக்குப் பார்க்கின்சன் அதிகமில்லை என்றே தெரிந்தது. புகை தீங்கில்லாதது என்று இதற்குப் பொருள் இல்லை. காற்றோட்டமில்லாத கொட்டகையிலும் தொட்டிக்குள் குனிந்து அடிக்கும் வேலையிலும் மாங்கனீசு நஞ்சு நிஜமான ஆபத்து.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இதை அப்போதே கணக்கில் எடுத்தது. அதன் மூன்றாம் அட்டவணையில் ஈயம், பாதரசத்தோடு மாங்கனீசு நஞ்சும் இருந்தது. அந்த நோயைக் காணும் மருத்துவர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றது 89-ஆம் பிரிவு. பார்க்கின்சன் அந்த அட்டவணையில் இடம்பெறவில்லை. ஆகவே நாற்பது வயது வெல்டர் ஒருவர் தள்ளாடி வந்து நிற்கும்போது, என்ன வேலை என்று கேட்காமல் சீட்டில் பார்க்கின்சன் என்று எழுதிவிட்டால், அந்தக் கடிதம் எழுதப்படாது. அவர் நின்ற அதே கொட்டகையில், அதே புகையில், மறுநாள் ஷிஃப்டுக்கு இன்னொருவர் டார்ச்சை எடுப்பார்.