பன்வாரி தேவியும் நம்ம ஆபீஸ் நோட்டீஸ் போர்டும்

வருஷத்துக்கு ஒரு தடவை எச்.ஆர். கிட்டருந்து ஒரு மெயில் வரும். பாலியல் துன்புறுத்தல் தடுப்புப் பயிற்சியை வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்கணுமாம். ஆணி மலை மாதிரி குவிஞ்சு கிடக்கும்போது யாருங்க இதைப் பொறுமையா படிக்கிறது? நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட், கடைசியில பத்து கேள்வி, சர்டிபிகேட். நானும் அஞ்சு வருஷமா அப்படித்தான் பாஸ் பண்ணிட்டிருந்தேன், ஹி ஹி.

இந்த வருஷம் ஒரு ஸ்லைடுல "விசாகா வழக்கு, 1997"ன்னு ஒத்தை வரி கண்ணுல பட்டுச்சு. விசாகாங்கிறது புகார் கொடுத்த பொண்ணோட பேருன்னுதான் இத்தனை நாள் நினைச்சிருந்தேன். இல்லீங்க, அது வழக்குப் போட்ட ஒரு அமைப்போட பேரு. யாரால அந்த வழக்கு வந்துச்சோ, அவங்க பேரு ஸ்லைடுல எங்கயுமே இல்ல. அதான் இந்தப் பதிவு.

அவங்க பேரு பன்வாரி தேவி. ஜெய்ப்பூர் பக்கம் பட்டேரி கிராமம். மண்பாண்டம் செய்யுற கும்ஹார் சாதி. 1985-ல ராஜஸ்தான் அரசோட பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்துல 'சாத்தின்' வேலைக்குச் சேர்ந்தாங்க. சாத்தின்னா தோழி. ஊர்ப் பொண்ணுங்ககிட்ட சுகாதாரம், படிப்பு, குழந்தைத் திருமணம் பத்தியெல்லாம் பேசணும். சம்பளம் கிடையாது, மதிப்பூதியம் மட்டும். அரசாங்கக் கணக்குல அவங்க ஊழியர் இல்ல, தன்னார்வலர். இந்த வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகத்துல வச்சுக்கங்க.

அட்சய திருதியை சமயத்துல அங்க குழந்தைத் திருமணங்கள் நிறைய நடக்கும். 1992-ல அதைத் தடுக்கணும்னு அரசாங்கமே களத்துல இறங்குச்சு. பட்டேரியில ஒரு வயசு கூட ஆகாத குழந்தைக்குக் கல்யாண ஏற்பாடு. வேண்டாம்னு பன்வாரி எடுத்துச் சொன்னாங்க, கேக்கல. போலீஸ் வந்து அன்னிக்கு நிறுத்துச்சு. அடுத்த நாளே கல்யாணம் நடந்துடுச்சு. போலீஸைக் கூட்டிட்டு வந்தது இவங்கதான்னு ஊர் முடிவு கட்டி, குடும்பத்தையே ஒதுக்கி வச்சுது. செப்டம்பர் 22-ம் தேதி வயல்ல கணவரோட வேலை செஞ்சிட்டு இருந்தப்ப, அஞ்சு பேர் வந்து கணவரை அடிச்சுப் போட்டாங்க, தன்னைக் கூட்டு வன்புணர்வு செஞ்சாங்கன்னு பன்வாரி புகார் கொடுத்தாங்க.

மருத்துவப் பரிசோதனை நடக்கவே ரெண்டு நாளுக்கு மேல ஆச்சு. 1995 நவம்பர்ல ஜெய்ப்பூர் கோர்ட் அஞ்சு பேரையும் வன்புணர்வுக் குற்றச்சாட்டுல இருந்து விடுவிச்சுது. மேல்சாதி ஆளுங்க இந்தச் சாதிப் பொண்ணைத் தொட்டிருக்க மாட்டாங்கங்கிறதும் சொன்ன காரணங்கள்ல ஒண்ணு.

கிரிமினல் வழக்கு ஒரு பக்கம் போயிட்டிருக்க, 1992-லயே சில அமைப்புகள் வேறொரு கேள்வியோட சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிருந்தாங்க. வேலை பாக்குற இடத்துல பொண்ணுங்களுக்குப் பாதுகாப்பு தர்ற பொறுப்பு யாருக்கு? அதுவரைக்கும் இந்த மாதிரி புகார்னா போலீஸ் ஸ்டேஷன்தான். முதலாளிக்குன்னு தனியா எந்தக் கடமையும் சட்டத்துல இல்ல. 1997 ஆகஸ்ட் 13-ம் தேதி நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையிலான மூணு பேர் அமர்வு, இனிமே அது முதலாளியோட கடமைன்னு சொல்லுச்சு. புகார்க் குழு வைக்கணும், தலைவர் பெண்ணா இருக்கணும், பாதிப் பேராவது பெண்கள், வெளியாள் ஒருத்தர் வேணும். பார்லிமென்ட் சட்டம் போடுற வரைக்கும் இதுதான் சட்டம்னாங்க.

சட்டம் வர எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? 16! 2013-ல தான் வந்துச்சு. 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடத்துல உள்குழு இருக்கணும், 3 மாசத்துக்குள்ள புகார் கொடுக்கணும், 90 நாள்ல விசாரணை முடியணும், குழு வைக்காட்டி 50,000 ரூபாய் வரை அபராதம். இதெல்லாம் ஸ்லைடுலயே இருக்கு. சட்டத்துல யாரெல்லாம் 'ஊழியர்'னு எழுதியிருக்காங்கன்னு படிச்சப்பதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. தற்காலிகம், தினக்கூலி, கான்ட்ராக்ட், பயிற்சிக்கு வந்தவங்க, அப்புறம் தன்னார்வலர். 'பணியிடம்'னா ஆபீஸ் மட்டும் இல்ல, வேலைக்காகப் போற எந்த இடமும், கம்பெனி அனுப்புற வண்டியும் சேர்த்திதான். சம்பளமில்லாத சாத்தினும் அவங்க நடந்து போன ஊரும் அதுக்குள்ள வந்துடுது.

ஏன் தூக்கிவாரிப் போட்டுச்சுன்னு சொல்லிடறேன். முன்ன இருந்த கம்பெனியில, எங்க டீம்ல கான்ட்ராக்ட்ல ஒரு பொண்ணு. கிளையன்ட் ஆபீஸ் போயிட்டு வந்து, அங்க ஒருத்தர் நடந்துக்கிட்ட விதத்தைச் சொல்லிட்டு, "யார்கிட்டண்ணா சொல்லணும்?"னு என்கிட்ட கேட்டுச்சு. "அது நம்ம ஆபீஸ் இல்லையேம்மா, நீயும் நம்ம பேரோல்ல இல்லையே"ன்னேன். நல்ல எண்ணத்துலதான் சொன்னேன். ஆனா ரெண்டுமே தப்பு. அந்தப் பொண்ணு கான்ட்ராக்ட் முடியும்முன்னாடியே நின்னுடுச்சு. அந்த வருஷமும் என்கிட்ட சர்டிபிகேட் இருந்துச்சு.

பன்வாரி தேவியோட மேல்முறையீடு என்ன ஆச்சுன்னும் தேடினேன். சம்பவம் நடந்து 15 வருஷம் கழிச்சு, 2007-ல பாத்தா ஹைகோர்ட்ல ஒரே ஒரு தடவைதான் விசாரணைக்கு வந்திருக்கு. அதுக்குள்ள குற்றம் சாட்டப்பட்டவங்கள்ல ரெண்டு பேர் செத்தே போயிட்டாங்க.

பி.கு.: உங்க ஆபீஸ் நோட்டீஸ் போர்டுல உள்குழு உறுப்பினர் பேரெல்லாம் ஒட்டியிருப்பாங்க. நாளைக்குத் தண்ணி பிடிக்கப் போகும்போது ஒரு தடவை படிங்க. வெளியாள் யாருன்னு பாருங்க. டீம்ல கான்ட்ராக்ட்ல இருக்கிறவங்களுக்கும் காட்டுங்க. போர்டே இல்லைன்னா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.