கழுகு பொய் சொல்லும், துளை சொல்லாது

உச்சியில் ஈட்டிமுனை நீட்டிக்கொண்டிருக்கும் ஜெர்மன் தலைக்கவசத்தைப் பழைய கேலிச்சித்திரங்களில் பார்த்திருப்பீர்கள். பிக்கெல்ஹௌபெ என்று பெயர். 1842இல் பிரஷ்ய மன்னர் நான்காம் பிரெடரிக் வில்லியம் தன் படைக்கு அதைக் கொண்டுவந்தார். இரும்பு என்று நினைத்துக் கையில் எடுப்பவர் ஏமாந்துபோவார். குதிரைப்படையின் சில பிரிவுகளுக்குத்தான் உலோகம். காலாள் அணிந்தது பதப்படுத்தி அச்சில் இறுக்கிய தோல். மேலே கறுப்பு லாக்கர். வாள்வீச்சை வழுக்கிவிடும், பீரங்கிக் குண்டின் சிதறலுக்கு முன்னால் ஒன்றுமில்லை.

முதல் உலகப் போர் முடிந்ததும் இந்தக் கவசங்களை வென்றவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். 1919இல் போர்க்கடன் பத்திரம் விற்பதற்காக நியூயார்க்கில், கிராண்ட் சென்ட்ரல் நிலையத்துக்கு அருகே, கோபுரமாகவே அடுக்கி வைத்தார்கள். பிறகு அவை வீட்டுப் பரண்களுக்கும் ஏலக்கடைகளுக்கும் போயின. முனை கழன்றதற்கு வேறொன்றின் முனை, தகடு போனதற்குக் கிடைத்த தகடு என்று கைமாறும் இடமெல்லாம் கலப்படம் சேர்ந்தது. இன்று ஒன்றைச் சீரமைக்க உட்காருபவருக்கு முதல் வேலை பழுது பார்ப்பதல்ல, விசாரணை.

முன்புறத் தகட்டில் கழுகு இருந்தால் பிரஷ்யா, இரு சிங்கங்கள் கேடயத்தைத் தாங்கினால் பவேரியா. பவேரியா 1886 வரை இந்தக் கவசத்தை ஏற்கவே இல்லை. கூம்பு இருந்தால் பிரஷ்யத் திமிர் என்று நினைத்தார்களோ என்னவோ! தாடைவாரின் இரு முனைகளிலும் வண்ண வட்டுகள் இருக்கும். 1897 முதல் வலப்பக்கத்தில் ஜெர்மன் பேரரசின் கறுப்பு-வெள்ளை-சிவப்பு, இடப்பக்கத்தில் அந்தந்த நாட்டின் நிறம்: பிரஷ்யாவுக்குக் கறுப்பு-வெள்ளை-கறுப்பு, பவேரியாவுக்கு வெள்ளை-நீலம்-வெள்ளை. கழுகுத் தகடும் நீல வட்டும் ஒரே கவசத்தில் இருந்தால் யாரோ நடுவில் கைவைத்திருக்கிறார்கள். முனைக்குப் பதில் உருண்டை இருந்தால் பெரும்பாலும் பீரங்கிப் படை.

ஆனால் தகடு, வட்டு, முனை எல்லாமே கழற்றி மாற்றக்கூடியவை. மாற்ற முடியாதது தோல். தகடு பொருந்தும் இடத்தில் தேவைக்கு மேல் துளைகள் இருந்தால், அங்கே முன்பு வேறு தகடு இருந்திருக்க வேண்டும். பிடரி மறைப்பின் உட்புறத்தில் படைப்பிரிவு, ஆண்டு, அளவு ஆகியவற்றின் முத்திரைகள் மங்கலாகத் தெரியும். அதிகாரிகளின் கவசத்தில் தகடு மரைதிருகால் நிற்கும், சிப்பாய்க்கு வந்ததில் பின்புற வளையங்களால்.

இதனால்தான் பித்தளையைப் பளபளவென்று தேய்ப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். பாலிஷ் விளிம்புகளில் தேங்கித் தோலைக் கறையாக்கும். தோலும் பித்தளையும் உரசும் இடத்தில் படியும் பச்சைப் பிசுக்கை மூங்கில் குச்சியால் மெதுவாக எடுத்தாலே போதும். சுருங்கிய தோலைத் தண்ணீரில் ஊறவைப்பது கொலை. ஈரக்காற்றில் சிறிது சிறிதாக இளக வைக்க வேண்டும். விரிசலுக்கு உட்புறத்திலிருந்து ஜப்பானியக் காகிதமும் கோதுமைப் பசையும். விட்டுப்போன தையலைப் பழைய ஊசித்துளைகள் வழியாகவே நூலேற்றிச் சேர்ப்பார்கள். புதுத் துளை ஒன்று போட்டாலும் நாளை விசாரிப்பவருக்குப் பொய்ச்சாட்சி.

1914க்குப் பிறகு வந்தவை வேறு ரகம். எதிரிகளின் கடல் முற்றுகையால் தோலுக்குத் தட்டுப்பாடு. அழுத்திய கம்பளியிலும் தகரத்திலும் செய்தார்கள். 1915 மாதிரியில் பித்தளைக்குப் பதில் சாம்பல் நிற எஃகு. முனையைக் கழற்றிவிடலாம், பதுங்குகுழிக்கு மேலே துருத்தாமல் இருக்க. மலிவுச் சரக்கு என்று சேகரிப்பாளர்கள் ஒருகாலத்தில் ஒதுக்கிய கம்பளிக் கவசங்களில் பூச்சி அரிக்காமல் தப்பியவை குறைவு. 1916இல் வெர்டூன் களத்தில் எஃகுத் தலைக்கவசம் வந்தது. அதன் பிறகு கூம்பு அணிவகுப்புக்கு மட்டும்.