கீவ் நகரின் கணக்கும் கலையும்: வலேரி லோபனோவ்ஸ்கி

1964இல் விக்தர் மாஸ்லோவ் டைனமோ கீவ் அணியின் பயிற்சியாளராக வந்தபோது, அந்த அணியின் இடது ஓரத்தில் ஆடிய வலேரி லோபனோவ்ஸ்கிக்கு வயது 25. உயரமான உடல், செம்பட்டை முடி. பந்தைக் காலில் வைத்துக்கொண்டு எதிராளியை ஏய்ப்பதில் பெருவிருப்பம். கார்னர் உதையைச் சுழற்றி, யாரும் தொடாமலே கோல்வலைக்குள் இறங்கச் செய்வார். கோல்கீப்பரின் தலைக்கு மேலே போய்ச் சட்டென்று தாழும் அந்த உதைக்கு அங்கே ‘காய்ந்த இலை’ என்று பெயர். அதைக் காண்பதற்கென்றே கூட்டம் வரும். 1961இல் மாஸ்கோவுக்கு வெளியேயிருந்து ஒரு அணி முதன்முறையாகச் சோவியத் லீக் பட்டத்தை வென்றபோது, அந்த அணியில் அவர் இருந்தார்.

மாஸ்லோவுக்கு அவர் தேவைப்படவில்லை. ஓரத்தில் நின்று பந்துக்காகக் காத்திருக்கும் ஆட்டக்காரரைக் கைவிட்டு, நடுக்களத்தில் நால்வரை நிறுத்தி, பந்தை இழந்த கணமே எல்லோரும் சேர்ந்து அதை மீட்கும் ஆட்டத்தை அவர் உருவாக்கிக்கொண்டிருந்தார். லோபனோவ்ஸ்கி ஒடேசாவுக்கும் பிறகு டொனெட்ஸ்குக்கும் போய் ஆடினார்; முப்பது வயது நிறையுமுன்பே ஆட்டத்தை விட்டார். தன்னை வெளியேற்றிய கோட்பாட்டையே பின்னாளில் அவர் தன் கோட்பாடாக வரித்துக்கொண்டார். மாஸ்லோவின் வழியை அவரைவிட நெடுந்தூரம் கொண்டுசென்றவர் வேறொருவர் இல்லை என்பது என் துணிபு.

அவர் வெப்பப் பொறியியல் படித்தவர். அவர் வளர்ந்த கீவ், ஐரோப்பியக் கண்டத்தின் முதல் கணினிகளுள் ஒன்று 1950களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கிய நகரம். விக்தர் குளுஷ்கோவின் தலைமையில் கணினியியல் ஆய்வு செழித்த நகரமும் அதுவே. ஓர் அமைப்பின் உறுப்புகளைத் தனித்தனியே பாராமல், அவற்றுக்கிடையேயான உறவைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அந்நகரத்துக் கற்றவர்களிடையே பரவியிருந்தது. லோபனோவ்ஸ்கிக்குக் கால்பந்தும் அப்படிப்பட்ட அமைப்புதான்: பதினொருவர் சேர்ந்த ஓர் அமைப்பு, அதே போன்ற இன்னோர் அமைப்பை எதிர்கொள்கிறது.

1960களின் முடிவில் தினிப்ரோ அணியின் பயிற்சியாளரானார். 1971இல் அந்த அணி முதல் பிரிவுக்கு உயர்ந்தது. அடுத்த ஆண்டே அங்கே ஆறாம் இடம் பெற்றது. அந்த ஊரில்தான் அனத்தோலி ஜெலென்சோவைக் கண்டார். உடற்கல்வி நிறுவனத்தில் பணியாற்றிய ஜெலென்சோவ், உடலின் ஆற்றல் எப்படிச் செலவாகிறது, எப்படி மீள்கிறது என்பதை ஆராய்ந்தவர். பயிற்சியின் சுமையை அளவிடும் முறை, ஆட்டக்காரரின் எதிர்வினை வேகத்தையும் நினைவாற்றலையும் சோதிக்கும் கணினித் தேர்வுகள், ஒவ்வோர் ஆட்டத்தையும் செயல்களாகப் பிரித்து எண்ணும் வழக்கம் எல்லாம் இந்த நட்பில் விளைந்தவை. அணியின் செயல்களில் பிழை 15 முதல் 18 விழுக்காட்டைத் தாண்டாவிட்டால் அந்த அணியை வெல்ல இயலாது என்பது ஜெலென்சோவின் கணக்கு. இருவரும் சேர்ந்து பயிற்சி மாதிரிகளைப் பற்றி ஒரு நூலும் எழுதினார்கள். லோபனோவ்ஸ்கியைப் புகழ்பவர்கள் பலரும் ஜெலென்சோவை ஒற்றை வரியில் கடந்துவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

1974இல் கீவ் திரும்பினார். தொடக்கத்தில் பழைய சக ஆட்டக்காரர் ஓலெக் பசிலேவிச்சும் உடன் பொறுப்பேற்றார். 1975 மே 14 அன்று பாசெல் நகரில் ஃபெரன்ஸ்வாரோஸ் அணியை 3-0 என வென்று கப் வின்னர்ஸ் கோப்பையைக் கைப்பற்றினார்கள். பிறகு சூப்பர் கோப்பையில் பயர்ன் மியூனிக்கை இரண்டு ஆட்டங்களிலும் வீழ்த்தினார்கள். மூன்று கோல்களும் ஓலெக் பிளோகின் அடித்தவை. அந்த ஆண்டின் பாலோன் தோர் விருதும் பிளோகினுக்கே.

விலையும் இருந்தது. பயிற்சியின் கடுமை உடலை முறித்தது. 1976இல் ஆட்டக்காரர்கள் எதிர்த்து எழுந்தார்கள். பசிலேவிச் விலகினார், லோபனோவ்ஸ்கி நிலைத்தார். சொந்த மண்ணில் வெற்றி, வெளியூரில் சமநிலை போதும் என்ற அவருடைய கணக்கு, வெளியூர் ரசிகர்களுக்கு உயிரற்ற ஆட்டங்களைத் தந்தது. அந்தக் கண்டனம் நியாயமானது. பட்டங்களைக் காட்டி அதை மறைக்க முடியாது.

ஆனால் அவருடைய ஆட்டம் வெறும் இயந்திரம் என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கமாட்டேன். 1986 மே 2, லியோன் நகரம், மீண்டும் கப் வின்னர்ஸ் இறுதி, எதிரே அத்லெடிகோ மாட்ரிட். செர்னோபில் அணு உலை வெடித்து ஆறு நாளே ஆகியிருந்தது. அங்கிருந்து கீவ் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். முந்தைய நாள்தான் ஒன்றும் நடவாததுபோல நகரின் பெருந்தெருவில் மே தின அணிவகுப்பை நடத்தியிருந்தார்கள். குடும்பங்களை அந்த ஊரில் விட்டுவந்தவர்கள் ஆடிய ஆட்டம் அது. சவரோவ் ஐந்தாவது நிமிடத்திலேயே கோல் அடித்தார். 85ஆவது நிமிடத்தில் இடப்புறமிருந்து ராட்ஸ் பந்தை உள்ளே தருகிறார். பெலானோவ் அதை யெவ்துஷென்கோவுக்குத் தள்ளுகிறார். யெவ்துஷென்கோ திரும்பிப் பாராமலே வலப்புறம் விடுகிறார். விசிறி விரிவதுபோல் விரிந்த அந்த வரிசையின் கடைசி மடிப்பில் பிளோகின் ஓடிவந்து, கோல்கீப்பருக்கு மேலே பந்தைத் தூக்கிப் போடுகிறார். பயிற்சிக்களத்தில் நூறுமுறை செய்து பழகியிராவிட்டால் பார்க்காமல் தர முடியாது. அந்த வேகத்தில் அதைத் துணிந்து செய்வதற்குக் கலைஞன் வேண்டும். மூன்றாவது கோலையும் அடித்து 3-0 என முடித்தார்கள். அவ்வாண்டின் பாலோன் தோர் இகோர் பெலானோவுக்குப் போனது.

அந்த அணி எதிராளியை நெருக்கும் முறையிலும் தரம் பிரித்திருந்தது: எதிரணியின் பாதியிலேயே பாய்வது, நடுக்களம் வரை விட்டுப் பிறகு மடக்குவது, ஓரிருவர் மட்டும் பாய்ந்து எல்லோரும் வருவதாகத் தோற்றம் காட்டுவது. 1980களில் ஜெர்மனிக்குப் பயிற்சி முகாமுக்குப் போனபோது பக்நாங் என்ற சிற்றூரின் அணியுடன் ஆடினார்கள். பந்து வெளியே போனபோது எதிரே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்ததாக, அன்று அந்தச் சிறு அணியில் இருந்த ரால்ஃப் ராங்னிக் பின்னர் சொல்லியிருக்கிறார். ஜெர்மனியின் பிரஸ்ஸிங் ஆட்டத்துக்கு ஆசான்களில் ஒருவராக வளர்ந்தவர் அவர்.

சோவியத் தேசிய அணியுடன் அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் மயிரிழையில் நழுவியவை. 1986 உலகக் கோப்பையில் பெலானோவ் மூன்று கோல் அடித்தும் பெல்ஜியத்திடம் 3-4 எனத் தோல்வி. 1988 ஐரோப்பியக் கோப்பையின் இறுதியில் நெதர்லாந்திடம் 0-2. பிறகு சில ஆண்டுகள் ஐக்கிய அரபு அமீரகத்திலும் குவைத்திலும் கழிந்தன.

1997இல் டைனமோவுக்கு மீண்டு வந்தவர் பருத்து, நோயுற்று இருந்தார். பெஞ்சில் முன்னும் பின்னுமாக அசைந்தபடி உட்கார்ந்திருக்கும் பழைய வழக்கம் மாறவில்லை. அந்த இலையுதிர்காலத்தில் சாம்பியன்ஸ் லீக்கில் பார்சிலோனாவைக் கீவில் 3-0 என்றும், கேம்ப் நோவில் 4-0 என்றும் வென்றார்கள். கேம்ப் நோவில் முதல் பாதியிலேயே மூன்று கோல் அடித்த ஆந்திரி ஷெவ்செங்கோவுக்கு அப்போது வயது 21. 1999இல் அரையிறுதி வரை வந்தார்கள். 2004இல் பாலோன் தோர் பெற்றபோது ஷெவ்செங்கோ அவரிடம் வளர்ந்த மூன்றாமவரானார்.

2002 மே 7 அன்று சபோரீஷியாவில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது பெஞ்சிலேயே பக்கவாதம் தாக்கியது. மே 13இல் மறைந்தார். எட்டு சோவியத் லீக் பட்டங்கள், ஆறு சோவியத் கோப்பைகள், ஐந்து உக்ரைன் லீக் பட்டங்கள் அவர் பயிற்சியில் டைனமோவுக்கு வந்தவை. கீவில் டைனமோ விளையாட்டரங்கம் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2006இல், உக்ரைன் முதன்முறையாக உலகக் கோப்பையில் ஆடிக் காலிறுதி வரை சென்றது. அணித்தலைவர் ஷெவ்செங்கோ; பயிற்சியாளர் பிளோகின்.