மணலில் எழுதிய எழுத்து: திண்ணைப்பள்ளியும் ‘சென்னை முறை’க் கல்வியும்

முன்னுரை

தொடக்கக் கல்வியில் எழுத்தறிவித்தலின் உலக வரலாற்றை எழுதுவோர் ‘சென்னை முறை’யைக் குறிப்பிடாமல் செல்வதில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஏழைக் குழந்தைகளுக்கான பள்ளிகளில் பரவிய இம்முறை, தமிழகத் திண்ணைப்பள்ளியிலிருந்து முழுமையாகப் பெறப்பட்டது என்னும் கருத்து நம்மிடையே பெருவழக்காக உள்ளது. இக்கருத்தில் சான்றுடைய பகுதி எது, மிகையான பகுதி எது என்பதை வரையறுப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எழும்பூரில் நிகழ்ந்த சோதனை

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் (1753-1832) 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் படைவீரர்தம் ஆண்குழந்தைகளுக்கென அமைந்த காப்பகத்தின் மேற்பார்வையாளரானார். ‘மலபார்’ பள்ளியொன்றில் சிறுவர்கள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதுவதைக் கண்ட அவர், அதனைத் தம் பள்ளியிலும் மேற்கொள்ள விரும்பினார். துணையாசிரியர் அது இயலாது என்றார். பெல் ஏறத்தாழ எட்டு வயதினனான ஜான் ஃபிரிஸ்கன் என்னும் மாணவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அச்சிறுவன் வெற்றி பெறவே, மாணவரைக் கொண்டு மாணவர்க்குக் கற்பிக்கும் ஏற்பாடு பள்ளி முழுவதும் விரிந்தது. 1796இல் இந்தியாவை விட்டு நீங்கிய பெல், மறு ஆண்டே இச்சோதனையை இலண்டனில் நூலாக வெளியிட்டார்.

‘மலபார்’ என்னும் சொல்

பெல் குறிப்பிடும் ‘மலபார்’ பள்ளியைக் கேரளக் கடற்கரைப் பள்ளி எனக் கொள்வது பொருந்தாது. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் தமிழையும் தமிழரையும் இச்சொல்லால் குறித்தனர். 1779இல் வேப்பேரியில் அச்சான பப்ரிசியசின் தமிழ் அகராதி ‘மலபார் - ஆங்கில அகராதி’ என்றே பெயர் பெற்றது. சென்னையின் புறத்தே பெல் கண்டது தமிழ்ப் பள்ளியே எனக் கொள்ளுதல் தகும்.

கடன் எது, உரிமை எது?

மணலில் எழுதும் முறையைத் தமிழ்ப் பள்ளியிலிருந்து பெற்றதாகப் பெல் ஒப்புக்கொண்டார். மாணவர் வழிக் கற்பித்தலையோ தம் சொந்தக் கண்டுபிடிப்பாகவே கூறிவந்தார். எனினும் இரண்டாவதும் இந்நாட்டிற்குப் புதிதன்று. ஆசிரியர் இல்லாத வேளையில் சட்டாம்பிள்ளை வகுப்பை நடத்துவதும், ஒருவன் முன்னே சொல்லப் பிறர் பின்சொல்வதும் திண்ணைப்பள்ளியின் வழக்கங்கள். தமிழகத்திற்கு வெளியிலும் இதற்குச் சான்றுண்டு. 1623இல் கன்னட நாட்டு இக்கேரியில் தங்கிய இத்தாலியப் பயணி பியத்ரோ டெல்லா வல்லே, ஆசிரியர் துணையின்றிச் சிறுவர்கள் சிலர் கூடிப் பாடிக்கொண்டே மணலில் எழுதிக் கணக்குப் பயின்றதை விவரித்துள்ளார். ஆனால், வழக்கம் முன்பே இருந்தது என்பது வேறு. பெல் அதைக் கண்டே மேற்கொண்டார் என்பது வேறு. முன்னதற்குச் சான்றுண்டு, பின்னது ஊகமே.

எழுதிப் படித்தலும் சொல்லிப் படித்தலும்

உரிமை வழக்கைவிட ஆழமான வேறுபாடு கற்பித்தல் வரிசையில் உள்ளது. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்ட கல்விக் கணக்கெடுப்பின்போது, பெல்லாரி ஆட்சியர் கேம்ப்பெல் 1823இல் ஓர் அறிக்கை அனுப்பினார். ஐரோப்பாவில் எழுத்துகளை ஒலித்துக் கற்கின்றனர்; இங்கோ மணலில் விரலால் எழுதிக் கற்கின்றனர் என அவர் வேறுபடுத்திக் காட்டினார். மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிப்பதைப் பாராட்டிய அவரே, செய்யுள்களைப் பொருளறியாது ஒப்பிப்பதைக் கடிந்தும் எழுதினார்.

திண்ணைப்பள்ளியில் மணல் முதற்படி மட்டுமே. விரலில் எழுத்தின் வடிவம் பதிந்தபின் சிறுவன் ஓலைக்கும் எழுத்தாணிக்கும் செல்வான். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் எண்சுவடியும் மனத்தில் பதியும். பலர் கையெழுத்தையும் படித்தல், கடிதம் வரைதல், கணக்கெழுதல் ஆகியன இறுதிப் பயன்கள். எழுதத் தெரிந்தவனை உருவாக்குவதே அக்கல்வியின் குறிக்கோள்.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கு முதலில் படிப்பு, பின்னரே எழுத்து என்பது மரபு. ஏழைகளுக்கு எழுதக் கற்பிக்கலாமா என்பதே விவாதப் பொருளாக இருந்தது. ஏழையர்க்கெனப் பள்ளிகள் நடத்திய ஹன்னா மோர் அம்மையார் அங்கு எழுத்துப் பயிற்சியை அனுமதிக்கவில்லை. பெல்லும் தம் நூலின் பின்வந்த பதிப்பொன்றில், ஏழைக் குழந்தைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்பிப்பது தம் திட்டமன்று என்னும் கருத்தை வெளியிட்டார். எழுதுவதன் வாயிலாகத் தொடங்கும் முறையைக் கொண்டு சென்றவரே, எழுத்தாற்றலை அக்குழந்தைகளின் உரிமையாகக் கருதவில்லை. ஆகவே கடல்கடந்தது மணல். மணலின் நோக்கம் அன்று.

திண்ணையின் எல்லை

இதனால் திண்ணைப்பள்ளி குறையற்றது என்றாகாது. 1826ஆம் ஆண்டு மன்றோவின் குறிப்பு, சென்னை மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகளையும் 1,88,650 மாணவர்களையும் காட்டுகிறது. தரம்பாலின் 1983ஆம் ஆண்டு நூல் இத்தரவுகளைப் பரவலாக அறியச் செய்தது. தமிழ் மாவட்டங்களில் பிராமணரல்லாத மாணவரே மிகுதி என்பதும் அவற்றால் புலனாகிறது. ஆயினும் பெண் குழந்தைகள் மிகச் சிலரே. ஒடுக்கப்பட்ட சாதியினர்க்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமில்லை. எழுதத் தெரிந்தவனை உருவாக்கிய பள்ளி, யார் எழுதலாம் என்பதற்குத் தானும் ஒரு வரம்பிட்டிருந்தது.

முடிவுரை

மணலெழுத்து தமிழ்ப் பள்ளியின் கொடை என்பது பெல்லின் வாக்குமூலத்தாலேயே உறுதிப்படுகிறது. ‘சென்னை முறை’ முழுவதும் திண்ணைப்பள்ளியின் படியே என்பதற்குச் சான்று போதாது. ‘மேலையோர் நம்மிடமிருந்து பெற்றனர்’ என்னும் பெருமிதத்தோடு நின்றுவிட்டால், கண், விரல், நா ஆகிய மூன்றையும் ஒருங்கே இயக்கிய கற்பித்தல் நெறி ஆய்வுக்கு உள்ளாகாமல் போகும். திண்ணைப்பள்ளிக் கணக்கு மரபில் நினைவாற்றலின் பங்கைச் செந்தில்பாபு விரிவாக ஆராய்ந்துள்ளார். அத்தகைய ஆய்வு எழுத்துப் பயிற்சிக்கும் விரிதல் வேண்டும். இன்றைய முதல் வகுப்பில் குழந்தை படிக்கத் திணறும்போது, அதன் விரல் அவ்வெழுத்தை அறிந்திருக்கிறதா எனக் கேட்பதற்கு அவ்வாய்வு அடிப்படையாகும்.