நூலும் பாலும்: பெருந்தொற்றுக் காலத்தில் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும்

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மலையடிவாரத்தை ஒட்டி, ஒரே சாலையிலும் ஒரே ரயில் பாதையிலும் அமைந்த ஊர்கள் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும். 2011 கணக்கெடுப்பின்படி முதலாவதில் 1,30,442 பேரும் இரண்டாவதில் 75,396 பேரும் இருந்தார்கள். இடைவெளி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பிழைப்பு மட்டும் வேறு. ராஜபாளையம் நூலை நம்பிய ஊர். ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலையும் பாலையும் வழிப்போக்கரையும் நம்பிய ஊர். 2020 மார்ச்சில் தொடங்கிய முடக்கம் இரண்டையும் ஒரே நாளில் நிறுத்தியது. ஆனால் இரண்டும் ஒரே விதமாக நொடிக்கவில்லை, ஒரே விதமாக எழவுமில்லை. சரக்கு கெடுமா காத்திருக்குமா, வாங்குபவர் தேடி வருவாரா வழியில் கடந்து போவாரா, தொழில் நடத்துபவர் பெயர் வங்கிக் கணக்கில் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தே ஒவ்வொரு தொழிலின் கதியும் அமைந்தது.

ராஜபாளையத்தின் ஆலைத் தொழில் ஒரு மந்தத்தின் பின்னால் பிறந்தது. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதாரச் சரிவு சென்னை மாகாணத்துக் கரிசல் விவசாயிகளையும் தாக்கியது. பருத்தி, நிலக்கடலை விலைகள் அடிமட்டத்துக்குப் போயின. அந்தச் சரிவிலிருந்து நாடு மெல்லத் தலைதூக்கிய 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸை நிறுவினார். விருதுநகர்–தென்காசி ரயில் பாதை 1927-இலேயே வந்திருந்ததால் பஞ்சு வரவும் நூல் போகவும் வழி இருந்தது. 1939-இல் ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் அமைந்தது. மருத்துவமனைப் பஞ்சுக்கான ஆலை இரண்டாம் உலகப் போர் தொடங்கிய ஆண்டிலேயே இந்த ஊரில் வந்ததைக் குறித்துக்கொள்ள வேண்டும். எண்பது ஆண்டுகள் கழித்து ஒரு நோய் உலகை முடக்கியபோது, மருத்துவத் துணி நெய்வதையே பிழைப்பாகக் கொண்ட கிராமங்கள் இந்த ஊரைச் சுற்றி இருந்தன.

சத்திரப்பட்டி, சமுசிகாபுரம், சங்கரபாண்டியபுரம், அய்யனாபுரம் ஆகியவை அந்தக் கிராமங்கள். இங்கே விசைத்தறிகளில் பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் நெய்யப்பட்டு நாடெங்கும் உள்ள மருத்துவமனைகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் போகின்றன. தெற்கே தளவாய்புரம், செட்டியார்பட்டி, முகவூர்ப் பக்கம் நைட்டி, உள்பாவாடை தைக்கும் தொழில் வளர்ந்தது. வெட்டுவது ஓரிடம், தைப்பது வீடுகள், பொத்தான் வைப்பதும் மடிப்பதும் வேறு கைகள். கூலி உருப்படிக் கணக்கில்.

ஸ்ரீவில்லிபுத்தூரின் பொருளாதாரம் இதைவிடப் பழையது. ஆண்டாள் கோயிலைச் சுற்றிப் பூக்கட்டுபவர், பாத்திரக் கடைக்காரர், தங்கும் விடுதி, உணவகம் என ஒரு வட்டம்; ஊரிலும் சுந்தரபாண்டியத்திலும் கைத்தறி. பால்கோவா அந்த வட்டத்துக்குள் பிற்காலத்தில் வந்த சரக்கு. வடநாட்டிலிருந்து வந்து குடியேறிய மிட்டாய்க்காரர்கள் 1940களில் லாலா கடைகளில் விற்கத் தொடங்கிய பண்டம், சுற்றுக் கிராமங்களின் பால் வளத்தால் ஊரின் அடையாளமாகவே மாறிவிட்டது. பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமும் அதைக் காய்ச்சி விற்கத் தொடங்கியபின் மாடு வளர்ப்பவருக்கு நிலையான வாங்குபவர் கிடைத்தார். 2019 செப்டம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை வைத்து வெளியூர்ச் சந்தையைப் பிடிக்கும் திட்டங்களுக்கு ஆறு மாத அளவே அவகாசம் இருந்தது.

முடக்கத்துக்கு முன்பே இந்தத் தொழில்கள் அடிமேல் அடி வாங்கியிருந்தன. 2008-க்குப் பிறகு சில ஆண்டுகள் தமிழகத்தை வாட்டிய மின்வெட்டில் நூற்பாலைகளும் தறிகளும் மணிக்கணக்கில் நின்றன. 2016 நவம்பர் 8-இல் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவை ஆனதும், வாரக்கூலியை ரொக்கமாகக் கொடுத்து வந்த தறி முதலாளிகள் திண்டாடினார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது சாதாரணப் பருத்தித் துணிக்கு 5 சதவீதம். மருத்துவப் பேண்டேஜுக்கு 12 சதவீதம். ஒரே தறியில் ஒரே நூலில் நெய்த துணி, புண்ணைக் கட்டப் போவதால் கூடுதல் வரி கட்டியது. சேமிப்பு கரைந்த நிலையில்தான் இந்தச் சிறு தொழில்கள் 2020-க்குள் நுழைந்தன.

மார்ச் 22 ஞாயிறன்று நாடு தழுவிய மக்கள் ஊரடங்கு. 24-ஆம் தேதி மாலை 6 மணி முதல் தமிழகத்தில் 144 தடை, மறுநாளிலிருந்து நாடு முழுவதும் 21 நாள் பொதுமுடக்கம். அது ஏப்ரல் 14-இல் முடியாமல் மே 3, மே 17, மே 31 என்று நீண்டது. ஏப்ரலில் தமிழ்நாட்டின் வேலையின்மை 49.8 சதவீதத்தைத் தொட்டதாக இந்தியப் பொருளாதாரக் கண்காணிப்பு மையம் மதிப்பிட்டது. நாட்டுச் சராசரியைப் போல அது இரு மடங்கு. ஏப்ரல்–ஜூன் காலாண்டில் நாட்டின் மொத்த உற்பத்தி முந்தைய ஆண்டைவிட 23.9 சதவீதம் குறைந்ததாக முதல் மதிப்பீடு சொன்னது.

முதலில் அடிபட்டது பால். தறியை நிறுத்தலாம், தையல் மெஷினுக்கு உறை போடலாம்; மாட்டின் மடியை நிறுத்த முடியாது. பால் விற்பனைக்குத் தடை இல்லை என்றாலும், பாலை வாங்கிக் குடிப்பவை வீடுகள் மட்டுமல்ல. டீக்கடைகளும் உணவகங்களும் திருமண மண்டபங்களும் பூட்டிக்கிடந்தன. டீக்கடைகள் பார்சல் மட்டும் கொடுக்கலாம் என்று அனுமதி கிடைத்ததே மே 11-இல்தான். தனியார் பால் நிறுவனங்கள் கொள்முதலைக் குறைத்தபோது மாநிலம் முழுவதும் ஆவின் சங்கங்களுக்குப் பால் பெருகியது. காய்ச்சி வற்றவைத்தால் மிச்சப் பாலைக் காப்பாற்றலாம் என்பது பால்கோவாவின் பிறப்பு நியாயமே. ஆனால் அதன் ஆயுளும் ஒரு வாரம் பத்து நாள். பாலையும் சர்க்கரையையும் தவிர வேறெதுவும் சேர்க்காததுதான் அதன் பெருமை. அந்தப் பெருமையே முடக்க நாட்களில் வினையானது. விறகடுப்பில் கடாயை ஏற்றிக் கிண்டினால் விற்க ஆள் வேண்டும்.

அந்த ஆள் உள்ளூர்க்காரர் அல்ல. பால்கோவா வழிப்போக்கரின் பண்டம். மதுரையிலிருந்து கொல்லம் போகும் நெடுஞ்சாலையில் இறங்கி வாங்குபவர், பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னைக்குத் திரும்புபவர், குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறவர், கார்த்திகை மார்கழியில் செங்கோட்டை வழியாகச் சபரிமலை ஏறுபவர் ஆகியோரே கடைகளின் வாடிக்கையாளர்கள். இந்த நான்கு வழிகளும் ஒன்றன்பின் ஒன்றாக அடைபட்டன. பயணிகள் ரயில்கள் மார்ச்சிலேயே நின்றன. மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் கேட்கப்பட்டது. அந்த முறை நீங்கி, மாவட்டங்களுக்கு இடையே பேருந்துகள் ஓடத் தொடங்கியது செப்டம்பர் 7-இல். குற்றால அருவிகளில் சாரல் பருவம் முழுவதும் குளிக்கத் தடை. சபரிமலையில் அந்த ஆண்டு வேலைநாட்களில் 1,000 பேர், வார இறுதிகளில் 2,000 பேர் என்றே தொடக்கத்தில் அனுமதி. அடுப்பு எரியலாம் என்ற நிலை வந்த பிறகும் சாலை காலியாகவே கிடந்தது.

கோயில் நகரத்துக்குத் திருவிழா என்பது வருடத்தின் பெரிய வியாபாரமும்தான். ஆடிப்பூரத் தேரோட்டம் ஆயிரக்கணக்கானோரை இழுத்து வரும். பூ, தேங்காய், வளையல், பொம்மை, சாப்பாடு என்று அந்தப் பத்து நாளில் சம்பாதிப்பதை வைத்து மற்ற மாதங்களைத் தள்ளும் சிறு வியாபாரிகள் உண்டு. 2020 ஜூலை 24-இல் ஆடிப்பூரம் வந்தபோது பெரிய தேர் வீதிக்கு வரவில்லை. விருதுநகர் மாவட்டத்தில் தொற்று வேகமெடுத்திருந்த மாதம் அது. சதுரகிரி மலைக்கு ஆடி அமாவாசைக்கு ஏறவும் தடை. அந்தக் கூட்டத்தை நம்பிய வத்திராயிருப்புப் பக்கத்து வேன்காரர்களும் கடைக்காரர்களும் சும்மா இருந்தார்கள். பெரிய கோயில்கள் செப்டம்பர் 1-இல் திறந்து, 2021 ஏப்ரல் இறுதியில் மூடி, ஜூலையில் மீண்டும் திறந்தன. 2021 ஆடிப்பூரத்துக்கும் தேரோட்டம் இல்லை. துணி விற்காவிட்டால் அடுத்த மாதம் விற்கலாம். போன திருவிழாவை மறுபடி நடத்திச் சம்பாதிக்க வழியில்லை. ஒரு வருடம் என்பது இந்த வியாபாரிகளுக்கு ஒரே ஒரு வாய்ப்பு.

ராஜபாளையத்தின் கதை வேறு மாதிரி. நூற்பாலைகள் மூன்று ஷிப்டில் ஓடுபவை. பாதியில் விட்ட கதிர்களையும் நின்றுபோன எந்திரங்களையும் மறுபடி ஓட்டத்துக்குக் கொண்டுவர நாள் பிடிக்கும். விடுதியில் தங்கி வேலை பார்க்கும் இளம்பெண்களும் வட மாநிலத் தொழிலாளர்களும் முடக்கத்தில் அங்கேயே சிக்கினார்கள் அல்லது வீடு திரும்பினார்கள். பேருந்து இல்லாததால், பக்கத்து மாவட்டத்தின் சிவகிரி, வாசுதேவநல்லூர்ப் பகுதியிலிருந்து தினமும் வந்துபோகிறவர்கள் வேலைக்கு வர முடியவில்லை. ஆனாலும் பெரிய ஆலைக்குக் கையிருப்பும் வங்கி உறவும் ஏற்றுமதி வாடிக்கையாளரும் இருந்தார்கள். நூல் கெடாது, பொறுத்திருந்தால் விலை ஏறும், ஏறவும் செய்தது.

பேண்டேஜ் கிராமங்களில் நடந்தது எதிர்பார்ப்புக்கு நேர்மாறானது. நோய்க் காலத்தில் மருத்துவத் துணிக்கு வேலை குவிந்திருக்கும் என்றே வெளியில் இருப்பவர் நினைப்பார். ஆனால் பேண்டேஜ் அறுவைச் சிகிச்சையையும் விபத்தையும் நம்பிய சரக்கு. காய்ச்சலையும் மூச்சுத் திணறலையும் நம்பியதல்ல. அவசரமில்லாத அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிவைக்குமாறு மத்திய சுகாதாரத் துறை மார்ச் 20-ஆம் தேதி வாக்கிலேயே மருத்துவமனைகளைக் கேட்டுக்கொண்டது. சாலையில் வண்டி ஓடாததால் விபத்தும் குறைந்தது. மருத்துவமனைப் படுக்கைகள் நிறைந்த நேரத்தில் கட்டுத்துணிக்குத் தேவை சுருங்கியது. தறி ஓட்டலாம் என்ற அனுமதி கிடைத்தாலும் நூல் பேல் வரவும் துணிக்கட்டு போகவும் லாரி வேண்டும். வடநாட்டு வியாபாரியிடமிருந்து பழைய பாக்கியும் வர வேண்டும். விசைத்தறிகளுக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் மின்சாரம் இலவசம் என்றிருந்த அன்றைய சலுகை ஓடாத தறிக்கு எந்த வகையில் உதவியிருக்கும்?

இடைவெளியை முகக்கவசம் ஓரளவு நிரப்பியது. துணியும் தையலும் கைவசம் இருந்ததால் பேண்டேஜ்காரர்களும் நைட்டி தைப்பவர்களும் அதில் இறங்கினார்கள். முதல் சில மாதங்கள் நல்ல ஓட்டம். ஆனால் நாடெங்கும் தையல் மெஷின் வைத்திருந்த ஒவ்வொருவரும் முகக்கவசம் தைத்தார்கள், விலை சரிந்தது. மெஷினில் தானாக உருவாகும் மூன்றடுக்கு முகக்கவசம் மலிவானதும் துணிக்கவசத்தின் காலம் முடிந்தது. நைட்டித் தொழிலுக்கு இழப்பு இன்னும் கூர்மையானது. சித்திரை வெயில் காலமே அதற்குச் சீசன். அதுவே முடக்கத்தில் போனது. கேரளம் போன்ற வெளிமாநிலச் சந்தைகளுக்கு மூட்டை ஏற்றிச் சென்று கடனுக்குக் கொடுத்துவிட்டு அடுத்த நடையில் வசூலிப்பது வழக்கம். நடை நின்றதால் வசூலும் நின்றது. வீட்டில் உருப்படிக் கூலிக்குத் தைத்த பெண்கள் எந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியலிலும் இல்லை என்பதால் அவர்களின் வேலையிழப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. சிவகாசிப் பட்டாசு ஆலைகளுக்கு வேன் ஏறிப் போகும் இப்பகுதிக் கிராமத்தாருக்கும் அதே கதி. ஆலைகள் திறந்து வேலை சூடுபிடித்தபோது, 2020 தீபாவளியை ஒட்டி ராஜஸ்தான், ஒடிசா, டெல்லி போன்றவை தொற்றைக் காரணம் காட்டிப் பட்டாசைத் தடை செய்தன.

உதவிகள் வந்தன, வந்த வழியில்தான் வேறுபாடு. அரிசி அட்டைக்கு 1,000 ரூபாயும் ரேஷன் பொருட்களும் பெரும்பாலான வீடுகளை எட்டின. 2021-இல் இரண்டு தவணையாக 4,000 ரூபாய் கொடுக்கப்பட்டது. ரிசர்வ் வங்கி மார்ச் 27-இல் அறிவித்த கடன் தவணை ஒத்திவைப்பு ஆகஸ்ட் 31 வரை நீண்டது; ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. மே 13-இல் அறிவிக்கப்பட்ட 3 லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம், ஏற்கெனவே உள்ள கடன் பாக்கியில் 20 சதவீதம் வரை அடமானமில்லாமல் கூடுதல் கடன் பெற வழி செய்தது. வங்கியில் கடன் வைத்திருந்த ஆலைக்கும் பெரிய பேண்டேஜ் நிறுவனத்துக்கும் அது கைகொடுத்தது. வங்கிக் கடனே இல்லாமல் நூல் வியாபாரியிடம் தவணைக்கு வாங்கி ஓட்டிய நாலு தறிக்காரருக்கு அதில் இடமில்லை. அவருக்கு நகைக்கடனும் கந்துவட்டியும் குழுக் கடனும்தான். கிராமங்களில் மண்வெட்டி எடுத்து நூறு நாள் வேலைக்குப் போனவர்களுக்கு அந்த ஆண்டு நாட்கூலி 256 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டிருந்தது.

2021 மே 10 முதல் இரண்டாம் அலைக்கான முழு முடக்கம். அது முதல் முடக்கத்தைவிடக் குறுகியது, உயிரிழப்பு அதிகம். தொழிலைப் பொறுத்தவரை அதைவிடக் கொடியது பின்னால் வந்த விலையேற்றம். 2020 இறுதியில் 356 கிலோ கொண்ட ஒரு கண்டிப் பஞ்சு 40,000 ரூபாயைச் சுற்றி விற்றது; 2022 மேயில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. 2021 பட்ஜெட்டில் விதித்த பருத்தி இறக்குமதி வரி 2022 ஏப்ரலில் தற்காலிகமாக நீக்கப்படுவதற்குள் சேதம் நடந்துவிட்டது. நூல் விலை ஏறும்போது பேண்டேஜ் விலையை உடனே ஏற்ற முடியாது. மருத்துவமனை டெண்டர்கள் பழைய விலைக்கு ஒப்பந்தமானவை. நெய்தால் நட்டம், நிறுத்தினால் ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள் என்ற நிலையில் பல தறிகள் வாரத்தில் சில நாள் மட்டும் ஓடின. நோய் பரவிய மாதங்களில் கடன் வாங்கித் தாக்குப்பிடித்தவர்களில் சிலரை, நோய் அடங்கிய பிறகு நூல் விலை மூடவைத்தது. இப்பகுதியின் சரிவை 2020-இன் முடக்கத்தோடு மட்டும் சேர்த்துப் பேசுவது பாதிக் கணக்கு.

மீட்சியும் ஒரே நேரத்தில் வரவில்லை. முதலில் விழுந்த ஸ்ரீவில்லிபுத்தூர்தான் முதலில் எழுந்தது. சாலையில் கார்கள் ஓடத் தொடங்கியதும் பால்கோவாக் கடைகளில் கூட்டம் திரும்பியது. 2022 ஆகஸ்ட் 1-இல் இரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பின் ஆடிப்பூரத் தேர் ஓடியது. ராஜபாளையம் பக்கத்துச் சிறு தறிகளுக்கும் தையல் வீடுகளுக்கும் அப்படி ஒரு நாள் வரவில்லை. 2023 ஜூலையில்கூட, நூலுக்கு வாங்குபவர் இல்லாமல் தமிழகத்துச் சிறு நூற்பாலைகள் உற்பத்தி நிறுத்தம் அறிவித்தன. அதே ஆண்டு மார்ச்சில் சாத்தூர் அருகே இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பிரம்மாண்ட ஜவுளிப் பூங்கா அமைக்க மத்திய, மாநில அரசுகள் ஒப்பந்தம் செய்தன. நிலமும் மூலதனமும் உள்ள பெரிய நிறுவனங்களைக் கருதி வரையப்பட்ட திட்டம் அது. நாலு தறி வைத்திருப்பவர் தம் வீட்டுக் கொட்டகையிலேயே தொடர்ந்து நெய்கிறார்.