வெள்ளிக்குப் போட்ட பாதை, தானியத்துக்குப் போட்ட பாதை

அமெரிக்காவின் மேற்கே, கொலராடோ மாநிலத்தில் டுராங்கோ என்றொரு சிற்றூர். அங்கே 1887இல் கட்டிய ஸ்ட்ரேட்டர் ஓட்டலில் இன்றும் அறை எடுத்துத் தங்கலாம். தர்மபுரி மாவட்டத்து மாரண்டஹள்ளியில் அப்படி ஒரு பழைய விடுதி இல்லை. ஆனால் இரண்டு ஊருக்கும் குறுகிய ரயில்பாதை வாய்த்தது. அங்கே மூன்றடி அகலம், இங்கே இரண்டரை அடி.

டுராங்கோவே ரயில் கம்பெனி உண்டாக்கிய ஊர். 1882இல் மலைமேல் சில்வர்டன் வரை 72 கிலோமீட்டருக்குத் தண்டவாளம் போட்டார்கள், வெள்ளித் தாதுவைக் கீழே இறக்க. அதைத் தேடி வந்தவர்களுக்கு அங்கே மாமன் மச்சான் யாரும் கிடையாது. சுரங்க முதலாளி, தரகர், சூதாடி என எல்லோரும் காசு கொடுத்துத்தான் படுக்க வேண்டும். மருந்துக்கடைக்காரர் ஹென்றி ஸ்ட்ரேட்டர் செங்கல்லில் நான்கடுக்கு ஓட்டல் எழுப்பியது இந்தக் கணக்கில்தான். 1893இல் வெள்ளி விலை சரிந்தபின் ஓட்டல் அவர் கையை விட்டுப் போனது, கட்டடம் நின்றது.

மொரப்பூர்–தர்மபுரி பாதை 1906இல் வந்தது. 1876–78 பெரும்பஞ்சத்தில் சேலம் ஜில்லா பட்ட பாடு மறக்காத காலம். பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுசேர்க்கவே அது திட்டமிடப்பட்டது. 1913இல் மாரண்டஹள்ளி, ராயக்கோட்டை வழியாக ஓசூருக்கு நீண்டது. மூட்டைக்குக் கிடங்கு போதும், கட்டில் வேண்டாம். சந்தைக்கு வந்தவர் பொழுது சாய ஊர் திரும்புவார், இல்லையென்றால் சொந்தக்காரர் வீட்டுத் திண்ணை இருக்கிறது. இதில் ஓட்டல் வைக்க எவருக்குத் தோன்றும்?

உலகப்போர்க் காலத்தில், 1941இல், நம் பாதையை மூடிவிட்டார்கள். டுராங்கோ பாதையில் தாது குறைந்ததும் ஹாலிவுட் படப்பிடிப்பு வந்தது, பின்னாலேயே சுற்றுலாக்காரர்கள். ஸ்ட்ரேட்டர் ஓட்டலின் வால்நட் மர நாற்காலி, கட்டில்களில் பெரும்பகுதி இருபதாம் நூற்றாண்டில் தேடிப்பிடித்துச் சேர்த்தவை. பழமையையும் விலைக்கு வாங்கலாம் போலும்! கௌபாய் கதைகள் எழுதிய லூயி லமூர் வழக்கமாகத் தங்கிய 222ஆம் அறையைக் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு.

நம் ரயில் நிலைத்திருந்தால் இங்கும் ஒரு ஸ்ட்ரேட்டர் வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். உதகைக்கு ரயில் எட்டியது 1908இல். அங்கே 1829இல் பள்ளிக்கூடமாகக் கட்டிய சவாய் அதற்கு வெகுகாலம் முன்பே ஓட்டலாகிவிட்டது. வெயில் தாங்காத வெள்ளைக்காரர்கள் வண்டியிலும் குதிரையிலும் ஏறி வந்தார்கள். அவர்களுக்கும் அங்கே மாமன் மச்சான் இல்லை.